இரண்டாம் மாடி, செவ்வாய்க்கிழமை

மணியடித்தால் பிள்ளைகளுக்கு இடைவேளை.
எங்களுக்கு அதே மணி
இன்னொரு வேலையின் தொடக்கம்.

லூப்ளினில், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள பள்ளியில்
பதினோரு வருடமாக அட்டவணை போடுபவன் நான்.
யார் எந்தத் தாழ்வாரத்தில், யார் எந்தப் படிக்கட்டில்,
யார் கழிப்பறை வாசலில்
சிகரெட் வாடைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு,
எல்லாம் சிவப்புப் பென்சிலால் நிரப்புவேன்.
காலிக் கட்டம் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.

மிரோஸ்வாவா வேதியியல்.
செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஏழு பாடம்,
நடுவில் ஆறு இடைவேளை,
கூட்டினால் அறுபத்தைந்து நிமிடம்.
அறுபத்தைந்தும் சிவப்பு.
சோதனைக் குழாய்களை எப்போது கழுவுவாள்,
தொண்டையை எப்போது நனைப்பாள்
என்று கட்டங்கள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பள்ளி நாளில் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்று
ஒருமுறை சொன்னாள், சிரித்துக்கொண்டு,
ஏதோ விரதம்போல.
நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரியில் நடந்தது.
நான்காம் பாடம் முடிந்து வரும் அந்த இருபது நிமிடம்.
பூட்ஸில் ஒட்டி வந்த பனி
படிகளில் உருகிக் கிடந்தது.
ஐந்தாம் வகுப்புக் கஜெத்தான்
கைப்பிடிக் கம்பியில் வயிற்றை வைத்துச் சறுக்கினான்.
மணிக்கட்டு முறிந்தது.
மிரோஸ்வாவா அப்போது அங்கே இல்லை.

அவன் அப்பா வந்தார்.
நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
அவளோடு தடித்த நோட்டு ஒன்றும்.
"நான்கு நிமிடம். எங்கே இருந்தீர்கள்?"
ரேடியேட்டர் மட்டும் முனகியது.
"சிறுநீர் கழிக்கப் போனேன்."
ஐம்பத்து மூன்று வயதுக்காரி
ஐந்து பேர் முன்னால் அந்த வாக்கியத்தை
ஒரு தனிமத்தின் அணு எண்ணைச் சொல்வதுபோல் சொன்னாள்.

நோட்டுக்காரி பேனாவை நிறுத்தினாள்.
பிறகு எழுதினாள்:
காவலிடத்தை விட்டு அகன்றார்.

அடுத்து என்னைக் கேட்டார்கள்.
"அன்றைக்கு அவருக்கு ஓய்வு எத்தனை மணிக்கு?"
அட்டவணையைப் பிரித்தேன்.
எட்டிலிருந்து இரண்டு இருபது வரை
விரல் போனது. எங்கும் நிற்கவில்லை.
சட்டத்தில் பதினைந்து நிமிடம் என்று ஒரு வரி உண்டு.
அந்த வரிக்கு நான் கட்டம் வரைந்ததே இல்லை.
"இல்லை" என்றேன்.
"யார் போட்டது?"
"நான்தான்."

கஜெத்தானின் அப்பா பேருந்து ஓட்டுநர்.
தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே,
"எங்களைக்கூட டிப்போவில் இறக்கி உட்கார வைப்பார்கள்" என்றார்,
யாரிடம் என்றில்லாமல்.

கண்டனக் கடிதம் அவள் கோப்புக்குள் போய்விட்டது.
அதை வெளியே எடுக்க இரண்டு மனு எழுதினோம்.
மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மார்ச்சில் புது அட்டவணை.
இருபது நிமிடக் கட்டத்தில் அவள் பெயரை அழித்தேன்.
ரப்பர் சிவப்பை முழுசாகத் தின்னவில்லை,
இளஞ்சிவப்பாய் ஒரு கறை நின்றது.
அதன்மேல் யாரை எழுத?
ஹலினாவுக்கு முழங்கால் வலி.
புதிதாக வந்த விட்டோல்டுக்கு ஏற்கெனவே மூன்று மாடி.
என் பெயரை எழுதினேன்.
அவள் வரிசையில், அந்த நேரத்துக்கு நேரே, 'ஓய்வு' என்று.

செவ்வாய்க்கிழமை. இரண்டாம் மாடி.
பதினோரு வருடம் கட்டமாகவே பார்த்த இடத்துக்கு
இவ்வளவு சத்தம் உண்டென்று தெரியாது.
ஒருவன் ஓடுகிறான், ஒருத்தி அழுகிறாள்,
யாரோ யாருடைய செருப்பையோ ஜன்னல் வழியாக,
டேய்!
ஆறாவது நிமிடத்தில் எனக்கு முட்டியது.
கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினான்கு.

கட்டுப்போட்ட கையோடு கஜெத்தான்
பக்கத்தில் வந்து நின்றான்.
"சார், வழி தெரியாமல் வந்துவிட்டீர்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
சாத்திய வேதியியல் அறைக்குள்ளிருந்து
தண்ணீர் விழும் சத்தம்,
கண்ணாடியில் கண்ணாடி உரசும் சத்தம்.
'ஓய்வு' என்று நான் எழுதிய கட்டத்துக்குள் நின்று
குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.