நாற்பத்தொரு டாலர்

டொலீடோவில், லக்ராஞ் தெருவில்
என் உதிரிபாகக் கடை இருந்தது.
இப்போது அங்கே நகத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

தொண்ணூற்றெட்டு, ஜனவரி. ஏரிக்காற்று எலும்பைத் துளைத்த வாரம்.
வெர்லீன் ஹட்ஜின்ஸ் ஒரு பேட்டரி வாங்கினாள்,
இரவு ஷிஃப்டுக்குப் போகிற காருக்கு.
நாற்பத்தொரு டாலருக்குக் காசோலை.
வங்கி திருப்பி அனுப்பியது.

அந்த மாதம் எனக்கு அது நான்காவது.
மற்ற மூவரையும் பிடிக்க முடியவில்லை.
உண்மையான முகவரி எழுதியவள்
இவள் ஒருத்திதான்.
புகார்ப் படிவத்தை அழுத்தி நிரப்பினேன்,
கடைசி நகல்வரை பதியும்படி.

எட்டாம் நாள் பணத்தோடு வந்தாள்,
கசங்கிய ஐந்துகளும் ஒன்றுகளுமாக.
ரசீது கொடுத்தேன்.
பனி எப்போது விடும் என்று பேசிக்கொண்டோம்.

வழக்கு மட்டும் போன வழியே போனது.
சின்ன விஷயம், ஒத்துக்கொள், சாப்பாட்டு நேரத்துக்குள் வீட்டுக்குப் போகலாம்
என்றாராம் வக்கீல்.
ஒத்துக்கொண்டாள். போனாள்.

பிறகு நடந்தவை எனக்குத் தெரிந்தது
இருபத்திரண்டு வருடம் கழித்து,
ஒரு சலவை நிலையத்தில், துணிகள் சுழல்கையில்.
முதியோர் இல்ல வேலை கைக்கு வந்து நழுவியதை,
வாடகை வீடு இரண்டு தடவை தட்டிப்போனதை,
மகனின் வகுப்போடு மிருகக்காட்சி சாலைக்குத்
துணைக்கு வருகிறேன் என்றதற்கு
மிக மரியாதையாக ஒரு மறுப்புக் கடிதம் வந்ததை
வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.
"எல்லாப் படிவத்திலயும் அந்தக் கட்டம் இருக்கு.
டிக் போட்டா வேலை போச்சு.
போடாட்டி பொய் சொன்னவ."
என்னை அடையாளம் தெரிந்துதான் சொன்னாளா?
தெரிந்துதான்.

மறுநாள் நீதிமன்றம் போனேன்.
எழுத்தர் பையனுக்கு அந்தக் காசோலையைவிட வயது குறைவு.
புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.
திரையைப் பார்த்தான்.
"சார், வாதி நீங்க இல்ல. ஓஹையோ மாநிலம்."
பணம் என்னுடையதுதானே, அது வந்துவிட்டதே.
"நீங்க வெறும் சாட்சி."

நான் மறந்துவிட்டேன்.
ஒரு கோடிப் பேர் சேர்ந்து
எனக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பதிவை மூடி முத்திரையிட மனுப் போடலாமாம்.
கட்டணம் பேட்டரி விலையைவிட அதிகம்.
அப்படி மூடினாலும்,
அதற்குள் தனியார் கம்பெனிகள் வாங்கிப்போன நகல்களை
யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

அந்த பேட்டரிக்கு உத்தரவாதம் மூன்று வருடம்.
நான்காம் குளிர்காலத்தில் அது செத்தது என்றாள்;
நல்ல பேட்டரிதான், குறை சொல்வதற்கில்லை.

அடுத்த சனிக்கிழமை, அதே சலவை நிலையம்.
மனுவுக்கான கட்டணத்தை நான் தருகிறேன் என்றேன்.
மடித்துக்கொண்டிருந்த சீருடையிலிருந்து நிமிராமல்
"ரொக்கமா, காசோலையா?" என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.
உலர்த்தியின் இரைச்சல்.