கடவைக்கு அங்கால

மத்தியானம் சோத்துப் பார்சல் பிரிக்கேக்க
என்ர போனை எட்டிப் பாத்திட்டுக் கேட்டீர்:
"இருபத்தொன்பது வயசில கார்ட்டூனோ?"
ஸ்ரான்லி வீதிக் கந்தோர் முழுக்கச் சிரிச்சது,
தவணை கட்டாதவன்ர ஃபைலை மூடி வைச்சிட்டு
மானேஜரும்.

கோவம் இல்லை, சுகிர்தன்.
அப்ப வாயில சோறு.
இப்ப சொல்லுறன்.

கண் ஏன் இவ்வளவு பெரிசு எண்டீர்.
அதுக்குள்ள ஒரு ஜன்னல் கீற வேணும்,
ஜன்னலுக்குள்ள ஒரு பின்னேரம்,
பிறகு அந்தப் பின்னேரம் நடுங்க வேணும்
கண்ணீர் விழமுன்னம்.
எங்கட கண் அளவுக்கு
இதெல்லாம் எங்க கொள்ளும்?

வாய்க்கு மூண்டே மூண்டு படம்தானாம்.
மூடினது, பாதி, திறந்தது.
காசு காணாத காலத்துச் சிக்கனம் எண்டு
எங்கையோ வாசிச்சன்.
மிச்சம் பிடிச்ச தாளையெல்லாம்
காத்துக்குச் செலவழிச்சிருக்கிறாங்கள்.
மொட்டை மாடியில ஒரு பெட்டை நிப்பாள், பேசாள்.
தலைமயிர் பறக்கும்.
கொடியில ஒரு துவாய் பறக்கும்.
பதினொரு விநாடி. எண்ணிப் பாத்தன்.
நீர் பாக்கிற படங்களில அதுக்கிடையில
மூண்டு பேர் அடிவாங்கி விழுந்திருப்பினம்.

நீர் கண்டது சாப்பாட்டுக் கட்டம்.
பிளந்த முட்டை, கோப்பையில ஆவி,
இறுகிறதோ ஓடுறதோ எண்டு
இன்னும் முடிவெடுக்காத மஞ்சள் கரு.
முதல்தரம் அதைப் பாத்த இரவு
பன்னிரண்டு மணிக்கு எழும்பி
நூடில்ஸ் பைக்கெற்றை உடைச்சன்.
என்ர முட்டை கல்லாய் இறுகிப் போச்சு.
ஆவி மட்டும் அச்சொட்டா வந்தது.

குப்பையும் இருக்கு, மறைக்கேல்லை.
நூறு பகுதி ஓடியும் ஒரே சண்டை முடியாது.
அதுகளை உமக்குத் தரமாட்டன்.

இது மட்டும் சிரிக்காமல் கேளும்.
எதிரி விழுற கட்டத்தில
வாளை அந்தரத்தில நிப்பாட்டிப்போட்டு
அவன்ர சின்ன வயசைக் காட்டுவாங்கள்:
மழைக்கு ஒதுங்கின ரெண்டு பெடியள்,
கம்பி முறிஞ்ச ஒரு குடை.
அதுக்குப் பிறகு கைதட்ட ஏலாது.
வெண்டவனுக்கும் ஏலாது.
நான் போனைக் கவிட்டு வைச்சிட்டு
தண்ணி ராங்கியடியில போய் நிண்டன்.
எங்கட ஊரில ஒருத்தரும் எனக்கு
அந்தப் பாதியைக் காட்டேல்லை,
எந்தப் பக்கத்தின்ரயும்.

பிறகு ஒருநாள்,
வாசலில சப்பாத்து மாட்டிக்கொண்டு ஒருத்தி
உள்ளுக்குப் பாத்து என்னவோ சொன்னாள்.
கீழ இங்கிலீசில "கிளம்புறன்" எண்டு ஓடினது.
பிழை.
அவள் சொன்னதில ரெண்டு வினை இருக்காம்,
போறதும் வாறதும்.
போட்டு வாறன்!
வெறும் "போறன்" எண்டால்
அம்மா பேசுவாவெல்லே, அதே சொல்.
ஒண்டுமே விளங்காத பாஷையில
ஒரு சொல் மட்டும் எங்கட வீட்டுச் செருப்போட நிண்டது.

திரும்பி வந்தால் சொல்லவும்
அவையளிட்டை ஒரு சொல் இருக்கு.
எங்களிட்டை?
கேற் கிறீச்சிடும், நாய் குரைக்கும்,
குசினிக்குள்ளால "சாப்பிட்டியோ" எண்டு கேக்கும்.

இப்பிடி மனசுக்குள்ள உம்மோட கதைச்சுக்கொண்டு
கொக்குவில் கடவையில ஸ்கூட்டியை நிப்பாட்டினன்.
மணி அடிச்சது.
அனிமேயில இது பெரிய கட்டம், தெரியுமே?
ரெண்டு பேர், நடுவில கோச்சி.
கோச்சி போனாப் பிறகு
அங்கால ஆள் நிக்குமோ இல்லையோ எண்டதுக்காகவே
ஒரு முழுக்கதை நடந்திருக்கும்.

அங்கால நீர்.
காங்கேசன்துறைக் கோச்சி உம்மை அழிச்சது.
பிறகு பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில
படம் படமாய்க் கீறினது:
கை. பாதி ஹெல்மெற். கை.
மூடினது, பாதி, திறந்தது.

கடைசிப் பெட்டியும் போச்சு.
பின்னால ஓட்டோக்காரன் ஹோண் அடிக்கிறான்.
கண்ணாடியை மேல தூக்கிப்போட்டு
தண்டவாளத்துக்கு அங்கால இருந்து கத்தினீர்:

"அந்த முட்டை வாறது எத்தினையாம் பகுதி?"