எச்சம் இரண்டு வகைப்படும்

இரவு ஒன்பதரை. குளிர்சாதனப் பெட்டிக்குள்
ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார்
ஐஸ்கிரீம் டப்பாவில் உட்கார்ந்துகொண்டு
தன்னை வெனிலா என்கிறது.
நேற்று வடித்த சோறு, ஒரு கிண்ணம்.
மகள் நடுவை விட்டுவிட்டு விளிம்பை மட்டும் தின்ற
இரண்டு பரோட்டா.
எதிர்வீட்டு ரோஸ்னா கொடுத்த ரெண்டாங், மூன்று துண்டு.
அதில் ஒன்று கறியில்லை, லெங்குவாஸ்.
எது என்று கடித்த பிறகுதான் தெரியும்.

மேசைமேல்
பகுதிநேரப் பட்டயப் படிப்பின் ஆறாம் அலகு:
கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார்?
சொந்த வகுப்பைப் பதிவுசெய்து, கேட்டு, எண்ணி
வியாழனுக்குள் ஆயிரத்து ஐந்நூறு சொல்.
இதுவரை எழுதியிருப்பது என் பெயர்.

பதினேழு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.
எச்சம் இரண்டு வகைப்படும்.
பெயரைத் தேடுவது பெயரெச்சம்,
வினையைத் தேடுவது வினையெச்சம்.
வெண்பலகையில் அடிக்கோடு போட்டேன்.
பிள்ளைகளும் போட்டார்கள், அளவுகோல் வைத்து.
ஒருவரும் எதையும் தேடவில்லை.

பாதி வெங்காயத்தின் காய்ந்த முகத்தைச் சீவி எறிகிறேன்.
கைப்பேசியை மஞ்சள்தூள் டப்பாவில் சாய்த்து வைக்கிறேன்.
நேற்று, தொடக்கநிலை நான்கு, மூன்றாம் பாடவேளை.
யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். என் குரல்,
எனக்கே பிடிக்காத என் குரல்:
"வார இறுதியில என்ன செஞ்சீங்க? ஹாஜரா?"
"சார், நான் வந்து... அம்மாகூட தேக்காவுக்குப் போயி..."
"போய், காய்கறி வாங்கினேன். நல்லது. பிரணித், நீங்க?"

எண்ணெய் காய்கிறது.
மறுபடி ஓட விடுகிறேன்.
அவளுடைய 'போயி'க்கும் என்னுடைய காய்கறிக்கும் நடுவில்
முழுதாக ஒரு விநாடி இல்லை.
கடுகுக்குக்கூட அதைவிட நேரம் கொடுக்கிறேன்.

காய்கறிதான் வாங்கினாளா?
கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டிருக்கலாம்.
மீன்கடையில் நண்டு கட்டவிழ்ந்து ஓடியிருக்கலாம்.
பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து
வாக்கியத்தைப் பிடுங்கி
என் முற்றை ஒட்டி
'நல்லது' என்று எனக்கே மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பரோட்டாவைப் பிய்த்து, சோற்றை உதிர்த்து,
சாம்பாரின் கெட்டியை மட்டும் வழித்து,
ரெண்டாங்கை அதன் எண்ணெயோடு சேர்த்துக்
கிளறுகிறேன். அதிகம் கிளறினால் கூழ்.
சும்மா இருந்தால் அடிபிடிக்கும்.
இதற்கும் ஓர் அலகு இருந்தால் படிக்கலாம்.

பத்தே முக்காலுக்குச் செல்வமலர் வந்தாள்,
மருத்துவமனைச் சீருடையோடு, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று.
"என்னது இது?"
"ஞாயிறு கொதித்த, நேற்று வடித்த,
எதிர்வீட்டில் வதங்கிய, உன் மகள் கடித்த..."
பெயர் வரவில்லை எனக்கு.
"கொடு, பசி."

இரண்டாம் வாயில் லெங்குவாஸ் அவளுக்குத்தான் கிடைத்தது.
துப்பினாள். சிரித்தாள். பிறகு
தட்டைப் பார்த்துக்கொண்டே,
"இன்னைக்கு வார்டுல ஒருத்தர்... கைய புடிச்சிக்கிட்டு..."
நிறுத்தினாள்.

என் நாக்கு நுனியில் தயாராக ஒரு முற்று.
அழுதாரா. இறந்துட்டாரா. பாவம், நீ சாப்பிடு.
விழுங்கினேன்.
ஒன்று.
ஜன்னலுக்கு வெளியே புக்கிட் பாஞ்சாங் ரயில்.
எங்கள் அடுக்களையைக் கடக்கும்போது
அதன் கண்ணாடிகள் தாமாக மங்கிக்கொள்ளும்,
பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று.
இரண்டு.
கரண்டி தட்டில் ஒருமுறை உரசியது.
மூன்று. நான்கையும் எண்ணியிருப்பேன்,

அதற்குள் அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.
இருபது நிமிடம்.
நான் நினைத்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.
அதை ஆறாம் அலகுக்கு எழுதிக்கொடுக்க மாட்டேன்.

அவள் குளிக்கப் போனபின்
சட்டியில் ஒரு கைப்பிடி மிச்சம்.
அதே ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி
வைத்து மூடினேன்.
கட்டுரை இன்னும் என் பெயரோடு நிற்கிறது.

நாளைக்கும் மூன்றாம் பாடவேளை உண்டு.
முதல் வேலையாக
ஹாஜராவிடம் கேட்க வேண்டும்:
தேக்காவுக்குப் போயி?