இருநூறில் எழுபத்தொன்று

காளை செத்து ஆறு வருஷம்.
ஓமலூர்ப் பக்கம் இன்னமும்
கன்றுகளுக்குத் தகப்பனாகிக்கொண்டிருக்கிறது.

கருப்பூரில் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்கல் சுரங்கத்து மேடு,
அதற்குப் பின்னால் சேர்வராயன், பாதி மேகத்தில்.
உள்ளே இடுப்புயர நைட்ரஜன் உருளை.
மூடியைத் திறந்தால் புகை வழிந்து
செருப்புக்குள் போகும்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
அந்தக் குளிரில் காலம் நகராது என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
எழுதிக்கொண்டேன்.

காடையாம்பட்டித் தீர்த்தகிரி
இன்று வந்திருந்தார், பஸ் பிடித்து.
"மூணு ஊசி மேடம். மூணும் நிக்கல.
மாட்டு மேலதான் கோளாறுங்கறாங்க.
சனிக்கிழமை ஓட்டிட்டுப் போயிடுறேன்."
எந்தச் சந்தைக்கு என்று நான் கேட்கவில்லை.
சினை நிற்காத மாட்டுக்கு ஒரே சந்தைதான்.

அவர் போனபின் அதே எண் குச்சி ஒன்றை எடுத்தேன்.
முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் அரை நிமிடம்.
கண்ணாடியில் ஒரு சொட்டு.

ஓடின. நன்றாகவே ஓடின.
ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்த மாதிரி
முட்டி மோதி, வாலடித்து,
போகுமிடம் தெரிந்தவை போல.
இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான்
'தரம் நன்று' என்று கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு கண்ணாடியில் சாயம் விட்டேன்.
விளக்கை அணைத்து, நீல ஒளியில் பார்த்தேன்.
டி.என்.ஏ. இழை முழுசாக இருந்தால் பச்சை.
அறுந்திருந்தால் ஆரஞ்சு.

இருநூறில் எழுபத்தொன்று ஆரஞ்சு.
தார்ப்பாய்க்குக் கீழே சரக்கு உடைந்தது தெரியாமல்
தொப்பூர்க் கணவாய் ஏறுகிற லாரிகள்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
எடுத்த அன்று காளைக்கு வயது பன்னிரண்டு.
ஐந்து வயதில் எடுத்ததையும் பார்த்தேன்,
அதே உருளை: இருநூறில் இருபத்திரண்டு.
அப்படியானால் முதுமை.
முதுமை மட்டுமா?
போன கோடையில் நைட்ரஜன் வண்டி நான்கு நாள் தாமதம்.
அளவுகோல் இரண்டு விரற்கடை காட்டிய பக்கத்தில்
'சரி' என்று எழுதியிருக்கிறது.
என் கையெழுத்து.

குச்சி எடுக்கத் தூக்கும் ஒவ்வொரு முறையும்
ஒரு மூச்சளவு
காலம் உள்ளே இறங்கியிருக்கும்.
வயது எத்தனை, மூடி எத்தனை,
பிரித்துச் சொல்லும் சாயம் என்னிடமில்லை.

போன் போட்டேன். எடுத்தது அவர் மகள்.
"அப்பா மாட்டக் கழுவிக்கிட்டிருக்காரு."
மாட்டின் மேல் கோளாறில்லை,
ஓட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.
வாளியைக் கீழே வைப்பது கேட்டது.

"அப்ப யாரு மேல, மேடம்?"