பத்துப் பவுன்

பழைய நகை வாங்கும் கவுண்டரில் பதினாலு வருஷம்.
உஸ்மான் ரோடு, ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் இறங்கும் இடம்.
யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும்
முதலில் கல் எடையைக் கழிப்பேன்.
பிறகு அரக்கு, மெழுகு, அழுக்கு.
மிஞ்சுவதற்குத்தான் விலை.

மாசியில் எடை குறைக்கத் தொடங்கினேன்.
எண்பத்து மூன்று கிலோ.
மாடிப்படியைப் பார்த்தாலே முனகும் முழங்கால்.
சோற்றைப் பாதியாக்கினேன், ராத்திரிக்கு வெள்ளரிக்காய்.
ஆறு கிலோ போனது.
கூடவே சீப்பில் கொத்துக் கொத்தாக முடியும் போனது.
மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில்
பாதி ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஹெப்சிபா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு
"கொழுப்பு மட்டும் போகலைம்மா, தசையும் போயிருக்கு" என்றார்.
மேலே விளக்க வந்தவரை வேண்டாம் என்றேன்.
எனக்குத் தெரியும்.
உருக்கும்போது அழுக்குப் போகலாம்.
தங்கம் போனால் பட்டறைக்காரன் திருடன்.

புரதம், தினமும் எண்பது கிராம்.
மனசு தானாக எட்டால் வகுத்தது:
பத்துப் பவுன்.
என் கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் சேர்க்க
அப்பா ஏழு வருஷம் சீட்டுக் கட்டினார்.
இது அன்றன்றைக்குப் பத்து.
படுக்கும்முன் போட்டு முடிக்க வேண்டும்,
விடிந்தால் மறுபடி வெறுங்கழுத்து.

"முட்டைகூட இல்லையாக்கா?
முக்கால் பவுன், ஒரே வாய்"
என்கிறான் ரூபன், ஓட்டை உரித்தபடி.
இல்லை தம்பி.
காரணம் சொன்னால் பேச்சு வளரும்.
சாப்பாட்டுக்கு இருப்பதோ இருபத்தைந்து நிமிஷம்.

எல்லாவற்றையும் உரசிப் பார்க்கிறேன் இப்போது.
நாலு இட்லிக்கு ஒரு பவுன், மீதியெல்லாம் கல்.
ஹோட்டல் சாம்பாரில்
பருப்பை டார்ச் அடித்துத் தேட வேண்டும்.
பன்னீர் நல்ல உருப்படி, சேதாரம் அதிகம்.
வேர்க்கடலை, கல் பதித்த அட்டிகை.
மீல்மேக்கர்தான் ஏமாற்றியது.
பார்த்தால் கவரிங்,
ஐம்பது கிராமில் மூன்று பவுனுக்குமேல் காட்டுகிறது.
மனசு ஒப்பவில்லை.
இரண்டு தடவை பிழிந்து, மிளகு தூக்கலாகப் போட்டு,
ஒப்ப வைத்தேன்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்ன மகராசன்
வாய்வைப் பற்றி மூச்சே விடவில்லை.
எதிரே கஸ்டமர், நடுவே தராசு.
நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை
வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா வந்தாள்.
இரண்டு வளையல்.
சோப்பு இல்லாமல், திருகாமல்,
கையைத் தொங்கவிட்டதும் தானாக விழுந்தன.
"நிக்க மாட்டேங்குது, சக்கரை" என்றாள்.
நான் எடை போடப் போட
என் ரவிக்கைக் கையின் தொளதொளப்பையே பார்த்திருந்தாள்.
"உனக்கு என்னம்மா?"
"ஒண்ணுமில்லைங்க. வேணும்னுதான்."
"வேணும்னு யாராச்சும் இளைப்பாங்களா?"
நான் பதில் சொல்லவில்லை, ரசீது எழுதினேன்.
எழுத்து ஒரு இடத்தில் கோணியது.

கடை சாத்தி வெளியே வந்தால் ராத்திரி ஒன்பதரை.
அன்றைய கணக்கில் ஒரு பவுன் குறைந்தது.
பனகல் பார்க் ஓரம், சுண்டல் வண்டி.
"சின்னக் கப்பா, பெரிய கப்பா?"
பெரியது.
தலை தட்டி அளந்து, தாளில் கொட்டி,
பொட்டலம் மடிக்கப் போனவன்
என்ன நினைத்தானோ,
அளக்காமல் ஒரு கை அள்ளி மேலே போட்டான்.
கொசுறு.

பதினாலு வருஷத்தில்
ஒருத்தருக்கும் நான் இப்படிப் போட்டதில்லை,
போடவும் முடியாது.

தேங்காயைக் கழித்து, மாங்காயைக் கழித்து
எண்ண ஆரம்பித்தேன்.
பஸ் வந்துவிட்டது.
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சைதாப்பேட்டை வரை
நின்றபடியே தின்றேன்.