அறுபதாயிரம் லிட்டரும் அறுபது லிட்டரும்

பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் ஊரில்
காலை ஐந்தரைக்கு டேங்க் ஏறுவேன்.
அறுபதாயிரம் லிட்டருக்குக்
கால் கிலோ பிளீச்சிங் பவுடர்.
வாளியில் கரைத்து, தெளியவிட்டு,
தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்.
பிறகு கடைசித் தெரு, பொன்னுரங்கம் வீட்டுக் குழாய்;
குப்பியில் பிடித்து மருந்து ஐந்து சொட்டு.
மஞ்சள் வந்தால் நோட்டில் கையெழுத்து.
கண்ணுக்குத் தெரியாததைக் கொன்றதற்கு
மாதச் சம்பளம்.

போர்த் தண்ணி குடித்து வளர்ந்தவன் நான்.
என் பல்லைப் பார்த்தே
எந்த வருஷத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.
இப்போது வருவது ஒகேனக்கல் தண்ணி.
தெருவில் ஓடும் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளை.
வால்வு திறக்கிறவன் என்ற முறையில்
அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று
நினைத்துக்கொள்வேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

தர்மபுரியில், நூர்ஜபீன் கடையில்
ஆறு கறுப்பு மோலி வாங்கினேன்.
புதுத் தொட்டி. குழாயிலிருந்தே நேராக நிரப்பினேன்.
என் தண்ணி;
இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்?
பையைக் கிழித்து அப்படியே கவிழ்த்தேன்.

இருட்டுவதற்குள் ஆறும் மிதந்தன.
கௌரம்மா டீ வடிகட்டியால் அள்ளிக்
கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டாள்.
"வடிகட்டி புதுசு வாங்கணும்" என்றாள், அவ்வளவுதான்.
அவள் தூங்கிய பிறகு
குப்பியை எடுத்தேன்.
ஐந்து சொட்டு.
மஞ்சள்.
கையெழுத்துப் போட நோட்டு இல்லை.

மறுபடி ஆறு.
இந்த முறை அண்டாவில் இரண்டு நாள்
திறந்துவைத்த தண்ணி. மஞ்சள் வரவில்லை.
பசிக்குமே என்று வேளைக்கு ஒரு கை தீனி.
ஐந்தாம் நாள் எல்லாம் மேலே வந்து
செவுள் சிவந்து
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.
தண்ணி பார்க்கத் தண்ணி மாதிரியே இருந்தது.

"தொட்டிக்கு இன்னும் உயிர் வரலண்ணா" என்றாள் நூர்ஜபீன்,
ஊசிக்கெண்டை அளவுக் குஞ்சுகளை எண்ணியபடியே.
மீனோட கழிவு, மிஞ்சின தீனி
ரெண்டும் அம்மோனியா ஆகும்.
அதத் தின்ன ஒரு கிருமி வேணும்.
பஞ்சுலதான் குடியிருக்கும். வந்து சேர மாசம் ஆகும்.
ஒரே நாள்ல ஆறு பேரை விட்டா எப்படி?
"பஞ்ச என்ன செஞ்சீங்க?"
"தினமும் அலசினேன்."
"எதுல?"
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தன் தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒன்றை எடுத்துக்
கத்திரியால் பாதி வெட்டி,
அதே தண்ணியோடு பையில் கட்டிக் கொடுத்தாள்.
காசு வாங்கவில்லை.
"காயவிடாதீங்க. குழாய்த் தண்ணி காட்டாதீங்க."

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
காலித் தக்காளிக் கூடையோடு பக்கத்தில் இருந்தவர்
பையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்:
"மீன் எங்க?"
"மீன் இல்ல. கிருமி."
அவர் கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு
நின்றுகொண்டே வந்தார்.

அன்றிலிருந்து
மீன் இல்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி.
"யாருக்குப் போடுற?" என்று கௌரம்மா கேட்டது
முதல் வாரம்.
மூன்றாவது வாரம், நான் டேங்கில் இருந்தபோது
அவளே போட்டிருக்கிறாள்.

முப்பத்தி நாலாம் நாள் ஒரே ஒரு மோலி.
பையோடு மிதக்கவிட்டு அரைமணி.
பிறகு பையைத் திறந்து டம்ளரில் கொஞ்சம்,
பத்து நிமிஷம் கழித்துக் கொஞ்சம்.
கடைசியில் அதுவே நீந்தி வெளியே வந்தது,
கண்ணாடியில் முட்டியது, திரும்பியது.

இன்று பதினோராம் நாள். இருக்கிறது.

ஐந்தரைக்கு ஏறிக் கால் கிலோ கரைத்தேன்.
பொன்னுரங்கம் வீட்டில் மஞ்சள் சரியாக வந்தது.
வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன்,
முகர்ந்து பார்த்தேன்,
இன்னொரு முறை கழுவினேன்,
அண்டாத் தண்ணியில்.
பஞ்சு பழுப்பாகிக்கொண்டிருக்கிறது.
நான் தொடவில்லை.