டேக்கல் வீடு

மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றார் முனிவெங்கடப்பா.
லிங்கராஜபுரத்தில் பத்து மாதம் கேட்கிறார்கள்,
தண்ணீர் லாரிக் காசு தனி.
சகாயம் என் முகத்தைப் பார்த்தான்.
அவன் கணக்குப் போடுவது
கட்டைவிரலில் தெரிந்துவிடும்.

அவனுக்கென்ன,
லேப்டாப் திறந்த இடம் ஆபீஸ்.
அமெரிக்காவில் யாரோ காலை முறித்துக்கொண்டால்
அதற்கொரு எண் போட்டு அனுப்புகிற வேலை.
அவன் எந்த ஊரில் உட்கார்ந்தாலும்
அங்கே கால் முறியும்.
நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.
பன்னிரண்டு மெஷின், மூன்று ஷிப்ட்,
முதல் ஊசி காலை ஆறரைக்கு.
வீட்டிலிருந்தபடி யாருடைய ரத்தத்தையும் கழுவ முடியாது.

‘சும்மா நின்று கேட்டுப் பாரேன்’ என்றான்.
கேட்டேன்.
குக்கர் இல்லை. டிரில்லிங் இல்லை.
மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுப்பது இல்லை.
எதிரே நீலகிரி மரங்கள்,
காற்று வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று நின்றன.
சத்தம் அளக்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறான்.
இருபத்தெட்டு காட்டியது.
எங்கள் படுக்கையறை எழுபத்தொன்று,
கூட்ஸ் வண்டி போனால் எண்ணே நிற்காது.
ரூபிக்கு நாலு வயது.
தூக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.
இங்கே கையை எடுத்துவிட்டுத் தூங்குவாள்
என்று நினைத்தேன்.
அந்த நினைப்பிலேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் அது கேட்டது.
காதுக்குள், மெலிதாக,
டிங், டிங்,
நாலாம் படுக்கை அலாரம்.
ஞாயிற்றுக்கிழமை, டேக்கலில்,
கதவில்லாத அலமாரிக்கு முன்னால்.
ஒன்பது வருடமாக உள்ளேயே இருந்திருக்கிறது.
நகரம்தான் அதன்மேல் ஏதாவது போட்டு
மூடி வைத்திருந்தது.
சகாயத்திடம் சொல்லவில்லை.

‘நெம்மதியா இருக்கும்மா’ என்றார் பெரியவர்.
அவர்களுக்கு நெம்மதி, நமக்கு நிம்மதி.
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
‘அப்புறம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?’
மகன் கட்டினானாம்.
ஒயிட்ஃபீல்டில் கார் ஓட்டுகிறான்,
மாதம் ஒருமுறை வந்து
தூங்கிவிட்டுப் போகிறான்.
மருமகள் பக்கத்தில், பழைய வீட்டில், இவர்களோடு.

அந்த மருமகள் காபி கொண்டுவந்தாள்.
தட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.
மமதா. நர்சிங் டிப்ளமோ. முதல் வகுப்பு.
மாமனார் மோட்டார் போடப் போகும்வரை காத்திருந்து
‘அக்கா, உங்க ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களா?’ என்றாள்.
‘இங்கே பகல் முழுக்க ஒன்றும் கேட்பதில்லை அக்கா.
காது வலிக்கிறது.’

சாவி வாங்கப் போனவர்கள்
ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.
பங்காருபேட்டை வண்டியில் நிற்கத்தான் இடம்.
ரூபி என் தோளில்,
என் காதைப் பொத்தியபடி தூங்கினாள்.
கே.ஆர்.புரம் வரைக்கும் பேசாமல் வந்த சகாயம்
‘அப்போ?’ என்றான்.
‘பார்க்கலாம்’ என்றேன்.
பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்
என்பது இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை இரண்டாம் ஷிப்ட்.
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.
அன்று அவசரத்தில் அவள் எண்ணை
‘டேக்கல் வீடு’ என்று சேமித்திருக்கிறேன்.
எடுத்தேன்.
அவள் உடனே பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் இருந்த இருபத்தெட்டு
அப்படியே என் காதுக்கு வந்தது.
ஒரு நிமிடம், இல்லை, அரை நிமிடம்
நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
‘அக்கா, ஏதாவது...’

நாலாம் படுக்கை அலறியது.
இது காதுக்குள் அல்ல, நிஜமாகவே.
ராஜகோபால் சாருக்கு பிரஷர் இறங்குகிறது.
‘கொஞ்சம் இரு மமதா’ என்று சொல்லி
போனை வைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
ஓடினேன்.